காணாமல் போன காளை

க்விஸ் மாஸ்டர்களுக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. ஐபிஎல் கோப்பையை ஜெயித்த அணிகளில் இன்றைக்கு உயிரோடு இல்லாத அணி எது? கேட்டவுடன் பாதிப் பேர் விழிப்பார்கள். இரண்டு பேர் "கொச்சி" என்பார்கள். ஒருத்தர் "புனே" என்பார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் மெதுவாக வரும்: "டெக்கான் சார்ஜர்ஸ்."

அதேதான். பாய்கிற காளையைச் சின்னமாக வைத்திருந்த ஹைதராபாத் டீம். முதல் வருஷம் கடைசி இடம், இரண்டாம் வருஷம் சாம்பியன், ஐந்தாம் வருஷம் முடிந்ததும் ஆளே இல்லை! இவ்வளவு வேகமாக ஏறி இறங்கியதைப் பார்க்க வேண்டுமென்றால் ஷேர் மார்க்கெட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஜெயித்த டீம்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இல்லாமல் போன டீமைப் பற்றி யார் எழுதுவது? சரி, கதைக்குப் போகலாம்.

ஏலக்கடையில் பிறந்த குழந்தை

2008 ஜனவரி 24. மும்பையில் எட்டு ஊர்களை ஏலம் விட்டார்கள். ஊர்களை என்றால் ஊர்களின் பெயரில் கிரிக்கெட் டீம் நடத்தும் உரிமையை. மும்பையை ரிலையன்ஸ் 111.9 மில்லியன் டாலருக்கு எடுத்தது. பெங்களூரை யுபி குரூப் 111.6 மில்லியனுக்கு எடுத்தது. மூன்றாவது பெரிய தொகை ஹைதராபாத்துக்கு. 107.01 மில்லியன் டாலர், அன்றைய கணக்கில் சுமார் 428 கோடி ரூபாய். எடுத்தது டெக்கான் கிரானிக்கிள், ஒரு பத்திரிகைக் கம்பெனி. சென்னைக்கு இந்தியா சிமெண்ட்ஸ் கொடுத்ததே 91 மில்லியன்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகையை மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை. பத்து வருஷத் தவணை. வருஷத்துக்குச் சுமார் 10.7 மில்லியன். இதற்குமேல் வீரர்கள் சம்பளம், கோச், ஹோட்டல், விமானம், விளம்பரம் எல்லாம் தனி. வரவு என்று பார்த்தால் டிவி உரிமைப் பணத்தில் ஒரு பங்கு, பொது ஸ்பான்சர் பணத்தில் ஒரு பங்கு, அப்புறம் டீமுக்கே சொந்தமான ஸ்பான்சர், சொந்த ஊர் டிக்கெட். முதல் இரண்டும் எல்லா டீமுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். கடைசி இரண்டில்தான் ஒரு டீமின் சாமர்த்தியம் இருக்கிறது. அதாவது சொந்த ஊர் மக்கள் ஸ்டேடியத்துக்கு வந்து, கத்தி, ஜெர்சி வாங்கினால்தான் கணக்கு நேராகும். இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். கதை முழுக்க இது வரும்.

அடுத்த மாதம், பிப்ரவரி 20ல் வீரர்கள் ஏலம். அங்கே ஒரு சின்ன சம்பவம் நடந்தது, பலருக்கு மறந்திருக்கும். சச்சின், கங்குலி, டிராவிட், யுவராஜ், சேவாக் ஐந்து பேருக்கும் அவரவர் ஊர் டீமில் 'ஐகான்' அந்தஸ்து. ஏலத்தில் அந்த டீமில் அதிகம் வாங்குபவரைவிட 15 சதவீதம் கூடுதல் சம்பளம். ஹைதராபாத்துக்கு அப்படி ஒருவர் இருந்தார், வி.வி.எஸ். லக்ஷ்மண். அவர் அந்த அந்தஸ்தே வேண்டாம் என்றுவிட்டார். தனக்குப் போகும் பணம் மிச்சமானால் டீம் நல்ல வீரர்களை எடுக்கலாமே என்று! 375,000 டாலர் போதும் என்று நின்றார்.

மிச்சமான பணத்துக்கு என்ன ஆயிற்று? ஆண்ட்ரூ சைமண்ட்ஸ், 1.35 மில்லியன். அன்றைய ஏலத்தில் தோனியின் 1.5 மில்லியனுக்கு அடுத்த பெரிய விலை. கூடவே ஆடம் கில்கிறிஸ்ட், ஆர்.பி. சிங், ரோஹித் சர்மா, ஷாகித் அஃப்ரிடி, ஹெர்ஷல் கிப்ஸ், ஸ்காட் ஸ்டைரிஸ், சமிந்த வாஸ். பேப்பரில் படித்தாலே எதிரணிக்கு ஜுரம் வரும் லிஸ்ட். எல்லாரும் சொன்னார்கள், கப்பு ஹைதராபாத்துக்குத்தான் என்று.

பேப்பர் புலி

2008 ஏப்ரலில் முதல் மேட்ச் கொல்கத்தாவில். 110க்கு ஆல் அவுட். சரி, முதல் மேட்ச்தானே என்று விட்டுவிடலாம். அடுத்தது சொந்த ஊர், உப்பல் ராஜீவ் காந்தி ஸ்டேடியம். டெல்லியின் சேவாக் வந்து 94 நாட் அவுட் அடித்துவிட்டுப் போனார்.

மூன்றாவது மேட்ச்தான் கொடுமை. ராஜஸ்தானுக்கு எதிராக அதே உப்பலில் சைமண்ட்ஸ் 53 பந்தில் 117 நாட் அவுட். டீம் ஸ்கோர் 214. இருபது ஓவரில் 214 அடித்தால் 2008ல் யாராவது தோற்பார்களா? தோற்றார்கள். யூசுப் பதான் 28 பந்தில் 61 அடித்தார். கடைசி ஓவர் போடப் பந்தைக் கையில் எடுத்தவர் அதே சைமண்ட்ஸ். எதிரே நின்றவர் பேட்ஸ்மேன்கூட இல்லை, ஷேன் வார்ன். சிக்ஸர் அடித்து ஒரு பந்து மிச்சம் வைத்து முடித்துவிட்டார். சதம் அடித்தவனே கடைசி ஓவரில் கோட்டைவிட்ட மேட்ச். இன்றைக்கு வார்னும் இல்லை, சைமண்ட்ஸும் இல்லை. 2022ல் மார்ச்சில் ஒருவர், மே மாதத்தில் ஒருவர் என்று இரண்டு மாத இடைவெளியில் போய்விட்டார்கள். அந்த ஓவரை இப்போது பார்த்தால் வேறு மாதிரி இருக்கும்.

நடுவில் வெளிச்சம் ஒன்று இருந்தது. மும்பைக்கு எதிராக கில்கிறிஸ்ட் 47 பந்தில் 109 நாட் அவுட், அதில் 10 சிக்ஸர். 155 ரன்னை விக்கெட் இழக்காமல் 12 ஓவரில் அடித்தார்கள். அப்புறம் சேப்பாக்கத்துக்கு வந்து சென்னையை 7 விக்கெட்டில் அடித்தார்கள். அவ்வளவுதான். 14 மேட்ச்சில் 2 வெற்றி, எட்டாவது இடம், அதாவது கடைசி. லக்ஷ்மண் பாதியில் காயமடைய கில்கிறிஸ்ட் கேப்டன் ஆனார். சைமண்ட்ஸ் சில மேட்ச்சோடு ஆஸ்திரேலிய டீமுக்காகக் கிளம்பிவிட்டார்.

அந்த இரண்டு வெற்றியும் எங்கே வந்தன என்று பார்த்தீர்களா? ஒன்று நவி மும்பையில், ஒன்று சென்னையில். ஹைதராபாத்தில் ஆடிய ஏழு மேட்ச்சும் தோல்வி. டிக்கெட் வாங்கி ஏழு முறை உப்பல் போனவன் ஏழு முறையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஏலத்தில் இரண்டாவது அதிக விலை பெங்களூர், அந்த வருஷம் ஏழாவது இடம். மூன்றாவது அதிக விலை ஹைதராபாத், எட்டாவது இடம். இருப்பதிலேயே மலிவு 67 மில்லியனுக்குப் போன ஜெய்ப்பூர். கோப்பை அவர்களுக்கு! விலைக்கும் தரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை தீபாவளி ஜவுளி எடுக்கப் போன எல்லாருக்கும் தெரியும். கம்பெனிகளுக்கு 2008ல்தான் தெரிந்தது.

கடல் தாண்டி வந்த கோப்பை

2009ல் நாடாளுமன்றத் தேர்தல். தேர்தலுக்கும் பாதுகாப்பு, ஐபிஎல்லுக்கும் பாதுகாப்பு என்றால் போலீஸுக்கு எங்கே போவது? மொத்தப் போட்டியையும் தூக்கிக்கொண்டு தென்னாப்பிரிக்கா போனார்கள். ஏப்ரல் 18ல் தொடங்கி மே 24ல் முடிந்தது.

டெக்கானுக்குப் புதுக் கோச், டேரன் லேமன். முழுநேரக் கேப்டன் கில்கிறிஸ்ட். ஜெர்சியும் நீலத்துக்கு மாறியது. ராசிக்காக மாற்றினார்களோ என்னவோ, வேலை செய்தது. கேப்டவுனில் கொல்கத்தாவை 101ல் சுருட்டினார்கள், ஆர்.பி. சிங்குக்கு 4 விக்கெட். அடுத்து பெங்களூர், மும்பை, சென்னை. நாலுக்கு நாலு வெற்றி! போன வருஷம் முழுக்க ஜெயித்தது இரண்டே மேட்ச் என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நடுவில் கொஞ்சம் சறுக்கல். ஆனால் அந்தச் சீசனில் ஒரு இளைஞன் என்னென்னவோ செய்தான். மும்பைக்கு எதிராக சென்சூரியனில் பந்து வீசி ஹாட்ரிக் எடுத்தான், 6 ரன்னுக்கு 4 விக்கெட். கொல்கத்தாவுக்கு எதிராகக் கடைசி ஓவரில் 21 ரன் வேண்டும். வங்கதேசத்தின் மஷ்ரஃபே மோர்தாசா பந்து வீச்சு. கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து முடித்தான். வயது 22. பெயர் ரோஹித் சர்மா. ஆமாம், பிற்பாடு மும்பைக்கு ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்து, 2024ல் இந்தியாவுக்கு டி20 உலகக் கோப்பையும் வாங்கிக் கொடுத்த அதே ரோஹித். அவர் கையில் எடுத்த முதல் ஐபிஎல் கோப்பை மும்பையுடையது இல்லை, ஹைதராபாத்துடையது.

14ல் 7 வெற்றி, நாலாவது இடம், தட்டுத் தடுமாறி அரையிறுதி. எதிரே டேபிளில் முதலிடம் பிடித்த டெல்லி. முதல் ஓவரிலேயே ரயன் ஹாரிஸ் கம்பீரையும் வார்னரையும் அனுப்பிவிட்டார். டெல்லி எப்படியோ 153 எடுத்தது. பதிலுக்கு கில்கிறிஸ்ட் வந்தார். டர்க் நான்ஸ் போட்ட முதல் ஓவரில் ஐந்து பவுண்டரி. 17 பந்தில் அரைசதம். 35 பந்தில் 85. அவர் அவுட்டானபோது மேட்ச் முடிந்து போயிருந்தது. அந்த இன்னிங்ஸைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் டி20 பற்றிப் பேச்செடுத்தால் அங்கேதான் போய் நிற்பார்கள்.

மே 24, ஜோகன்னஸ்பர்க் வாண்டரர்ஸ். ஃபைனலில் எதிரே யார்? பெங்களூர். முந்தின வருஷம் கடைசி இடம் பிடித்த டீமும் அதற்கு முந்தின இடம் பிடித்த டீமும் ஃபைனலில்! சினிமாவில் இப்படி ஒரு கதை வைத்தால் லாஜிக் இல்லை என்று திட்டுவோம்.

கும்ப்ளே முதல் ஓவரிலேயே கில்கிறிஸ்டை டக்கில் தூக்கிவிட்டார். மொத்தம் 16 ரன் கொடுத்து 4 விக்கெட். ஆனால் கிப்ஸ் ஒரு பக்கம் நங்கூரம் போட்டு 53 நாட் அவுட். சைமண்ட்ஸ் 33. டெக்கான் 143. பெங்களூர் துரத்தும்போது பிரக்யான் ஓஜா 3 விக்கெட் எடுத்தார். ராஸ் டெய்லரையும் இருபது வயது விராட் கோலியையும் சைமண்ட்ஸ் வெளியேற்றினார். கடைசி ஓவரில் 15 வேண்டும். ஆர்.பி. சிங் பந்து. பெங்களூர் 137ல் நின்றது. 6 ரன் வித்தியாசம். கடைசி பெஞ்ச் பையன் ஸ்டேட் ஃபர்ஸ்ட்!

தொடர் நாயகன் கில்கிறிஸ்ட், 495 ரன், கீப்பராக 18 பேரை அவுட்டாக்கியிருந்தார். அதிக விக்கெட் ஆர்.பி. சிங், 23. தோற்ற டீமிலிருந்து ஆட்ட நாயகன் கும்ப்ளே. ஒரு வருஷத்துக்கு முன்னால் சிரித்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். ஒரே ஒரு குறை. அந்தக் கோப்பையை வாங்கியபோது சுற்றி இருந்தவர்களில் உப்பலில் ஏழு முறை தோல்வியைப் பார்த்தவன் இல்லை. அவன் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பாத சாம்பியன்

சரி, ஜெயித்த டீம் ஊருக்கு வந்து ஆடுமே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்திருப்பான்.

2009 அக்டோபரில் சாம்பியன்ஸ் லீக். டெக்கான் ஆடிய இரண்டு மேட்ச்சும் ஹைதராபாத்தில். இங்கிலாந்தின் சோமர்செட்டிடம் ஒரு விக்கெட் வித்தியாசத்தில் தோல்வி. டிரினிடாட் டொபேகோவிடமும் தோல்வி. வெளியே போயாயிற்று. ஒன்பது மேட்ச், ஒன்பது தோல்வி, எல்லாம் சொந்த ஊரில்.

2010 ஐபிஎல்லுக்கு ஹைதராபாத்தில் மேட்ச்சே கிடையாது. தெலங்கானா போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். நடப்புச் சாம்பியனின் 'ஹோம்' மேட்ச்சுகள் நாக்பூரிலும் கட்டக்கிலும் நவி மும்பையிலும் நடந்தன. கட்டக் எங்கே, ஹைதராபாத் எங்கே? போராட்டம் நடத்தியவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒரு மாநிலத்தின் தலையெழுத்தே அங்கே பேசப்பட்டுக்கொண்டிருந்தது. 2014 ஜூன் 2ல் அந்த மாநிலம் பிறந்தும் விட்டது. கிரிக்கெட் அதற்கு முன்னால் சின்ன விஷயம். ஆனால் டீமின் பக்கம் யோசித்தால், 2008 மே மாதத்துக்குப் பிறகு ஒரு ஐபிஎல் மேட்ச்கூட சொந்த ஊரில் இல்லை. இருந்தும் அரையிறுதி வரை போனார்கள். அங்கே சென்னையிடம் தோற்றார்கள், சென்னை அந்த வருஷம் கோப்பையும் வாங்கியது.

தொடக்கத்தில் சொன்ன அந்த ஒரு வரி நினைவிருக்கிறதா? சொந்த ஊர்க்காரன் வந்து கத்தினால்தான் கணக்கு நேராகும். கடை நல்லா ஓடுகிற வருஷத்தில் கடைக்குப் பூட்டு. வாடிக்கைக்காரன் என்ன செய்வான்?

2011ல் எல்லா டீமையும் கலைத்துப் புதிதாக ஏலம். நாலு பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி. சென்னை தோனி, ரெய்னா, விஜய், மோர்க்கல் என்று நாலு பேரை வைத்துக்கொண்டது. மும்பையும் நாலு பேர். டெக்கான் வைத்துக்கொண்டது எத்தனை பேரை? பூஜ்ஜியம். கில்கிறிஸ்ட் பஞ்சாபுக்குப் போனார். ரோஹித் 2 மில்லியனுக்கு மும்பை. சைமண்ட்ஸும் மும்பை. ஆர்.பி. சிங்கும் லக்ஷ்மணும் கொச்சி. ஐகான் அந்தஸ்தை விட்டுக்கொடுத்த அந்த மனுஷனுக்குக் கிடைத்த புது வீடும் ஒரே வருஷத்தில் கலைக்கப்பட்டது தனிச் சோகம்.

புதுக் கேப்டன் குமார் சங்கக்கார. புது வேகம் டேல் ஸ்டெயின். நல்ல ஆட்கள்தான், ஆனால் வேறு ஆட்கள். 2011 ஏப்ரல் 14ல் பெங்களூரை 33 ரன்னில் ஜெயித்தார்கள். இடம் உப்பல். டீம் பிறந்து மூன்று வருஷம் கழித்து ஹைதராபாத் மண்ணில் கிடைத்த முதல் வெற்றி! கோப்பையை ஜெயித்துக் கொடுத்த பதினோரு பேரில் பெரும்பாலானோர் அப்போது வேறு ஜெர்சியில். காத்திருந்தவன் பார்த்தது ஒரே பெயருள்ள இன்னொரு டீமை.

கடைசியாக ஒரு உபகாரம்

2012ல் சறுக்கல் முழுசாகத் தெரிந்தது. ஒன்பது டீமில் எட்டாவது இடம். கடைசி மேட்ச் மே 20, உப்பல், எதிரணி மறுபடியும் பெங்களூர். டெக்கானுக்கு அதில் ஜெயித்தாலும் ஒன்றுமில்லை, தோற்றாலும் ஒன்றுமில்லை. பெங்களூர் ஜெயித்தால் பிளேஆஃப் உள்ளே. தோற்றால் சென்னை உள்ளே. சென்னை தன் லீக் மேட்ச் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வாசலில் காத்திருந்தது.

அன்றைக்குச் சென்னையில் மஞ்சள் சட்டைக்காரர்கள் எல்லாரும் ஒரு நாள் டெக்கான் ரசிகர்கள். டெக்கான் எடுத்தது வெறும் 132. ஸ்டெயின் நாலு ஓவரில் 8 ரன் கொடுத்து 3 விக்கெட். பெங்களூர் 123ல் முடங்கியது. 9 ரன் வித்தியாசத்தில் டெக்கான் வெற்றி, சென்னை பிளேஆஃபில், அங்கிருந்து ஃபைனல் வரைக்கும் போனது. கொல்கத்தாவிடம் அங்கே தோற்றது வேறு விஷயம்.

டெக்கான் சார்ஜர்ஸ் ஆடிய கடைசி மேட்ச் அதுதான் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மைதானத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது. ஜெயித்துத்தான் போனார்கள், அதுவும் சொந்த ஊரில். அது ஒன்றே ஆறுதல்.

அந்த நேரத்தில் தாய்க் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. வீரர்களுக்குச் சம்பள பாக்கி. 2012 செப்டம்பரில் டீமை விற்கப் பார்த்தார்கள். பிவிபி வெஞ்சர்ஸ் மட்டும் வந்து, பத்து வருஷத்துக்கு 900 கோடி என்றது. கம்பெனி அதை ஏற்கவில்லை. அதே மாதம் கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. வழக்கு மும்பை உயர் நீதிமன்றம் போனது. 100 கோடிக்கு வங்கி உத்தரவாதம் கொடுத்தால் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது. கொடுக்க முடியவில்லை. அக்டோபரில் எல்லாம் முடிந்தது.

அக்டோபர் 25ல் ஹைதராபாத்தை மறுபடி ஏலம் விட்டார்கள். எடுத்தது சென்னையின் சன் டிவி நெட்வொர்க், வருஷத்துக்கு 85.05 கோடி. 2008 விலையில் டெக்கான் கட்ட வேண்டியிருந்தது வருஷத்துக்குச் சுமார் 43 கோடி. யோசித்துப் பாருங்கள். சரக்கு நஷ்டம் என்று மூடிய கடை, அதே தெருவில், இரட்டை வாடகைக்குப் போகிறது! அப்படியென்றால் சரக்கில் குறை இல்லை. டிவி தரும் பங்கு வந்துகொண்டிருந்தது, ஊரும் கிரிக்கெட் பார்க்கிற ஊர். டீமைக் கவிழ்த்தது தாய்க் கம்பெனியின் கடன்.

புது டீமுக்கு சன்ரைசர்ஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆரஞ்சு நிறம். 2016ல் கோப்பையும் வாங்கினார்கள், கேப்டன் டேவிட் வார்னர். 2009 அரையிறுதியில் முதல் ஓவரிலேயே டெக்கான் அவுட்டாக்கிய அதே வார்னர். ஃபைனலில் தோற்றது யார் தெரியுமா? மறுபடியும் பெங்களூர்தான், 8 ரன்னில். (பாவம், அவர்களுக்கு 2025ல்தான் விடிந்தது.)

எந்தக் கணக்கில் எழுதுவது?

வழக்கு அப்புறமும் ஓடியது. 2020 ஜூலையில் நடுவர், ரத்து செய்தது தப்பு, டெக்கான் கிரானிக்கிளுக்கு 4,814 கோடிக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். 2021 ஜூனில் மும்பை உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கம்பெனி, வாரியம், வங்கிகள், வக்கீல்கள், எல்லாரும் தங்கள் தங்கள் நஷ்டத்தை ரூபாயில் எழுதி நீதிமன்றத்தில் நின்றார்கள். நஷ்டத்தை எழுதிக்கொண்டு வராத ஒரே ஆள் ரசிகன்.

அவனுக்கு நஷ்டமே இல்லையா?

பி.காம் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குட்வில் இரண்டு வகை. ஒரு வியாபாரத்தைக் காசு கொடுத்து வாங்கும்போது சேர்த்து வாங்கிய குட்வில், அதைப் புத்தகத்தில் சொத்தாகக் காட்டலாம். தானாகச் சம்பாதித்த குட்வில் இருக்கிறதே, வாடிக்கைக்காரன் வைத்திருக்கும் பிரியம், அதைக் காட்டக் கூடாது. அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் 26 அதைத்தான் சொல்கிறது. காரணமும் நியாயமானதுதான். அதற்கு என்ன விலை என்று நம்பகமாகச் சொல்ல முடியாது. பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

டெக்கான் கதையைப் படித்த பிறகு அந்த இரண்டு மார்க் கேள்வி கொஞ்சம் உறுத்தும். ஃபிரான்சைஸ் உரிமை புத்தகத்தில் இருந்தது. வீரர்களின் ஒப்பந்தம் இருந்தது. கடன் இருந்தது. ஏழு முறை தோற்றும் எட்டாம் முறை வந்தவனின் பிரியம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. புத்தகத்தில் இல்லாததை யாரும் விற்க முடியாது, ஜப்தி செய்யவும் முடியாது, நஷ்ட ஈடு கேட்கவும் முடியாது. சாதகமும் அதுதான், பாதகமும் அதுதான்.

"அதான் சன்ரைசர்ஸ் இருக்கே, அதே ஊர்தானே" என்பார்கள். நிறையப் பேர் மாறிக்கொண்டார்கள், அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். சன்ரைசர்ஸின் கோப்பைக் கணக்கு ஒன்று, 2016 மட்டும். 2009 அதில் சேராது, அது வேறு டீம், வேறு ஒப்பந்தம். ஹைதராபாத் என்ற ஊருக்கு இரண்டு கோப்பை, ஹைதராபாத் டீமுக்கு ஒன்றுதான். அந்த 2009 கோப்பைக்குச் சொந்தம் கொண்டாட இன்றைக்கு ஒரு டீம் இல்லை. ராஜஸ்தான் 2008ஐப் பேசும், சென்னை 2010ஐப் பேசும், நடுவில் ஒரு வருஷத்தைப் பேச ஆளில்லை. 2015ல் சென்னையும் ராஜஸ்தானும் இரண்டு வருஷத் தடை வாங்கியபோது அந்த ஊர்க்காரர்கள் பட்ட பாடு தெரியும். அவர்களுக்கு 2018ல் டீம் திரும்பி வந்தது. ஹைதராபாத்தின் காளை வரவில்லை.

டீம் நம்முடையது என்று ரசிகன் சொல்கிறான். சட்டப்படி அது பொய். டிக்கெட்டைத் தவிர அவன் கையில் எந்தப் பத்திரமும் இல்லை. ஆனால் கோப்பை வாங்கிய கேப்டன் போய்விட்டார், வீரர்கள் போய்விட்டார்கள், முதலாளி போய்விட்டார், பெயர் போய்விட்டது. இன்றைக்கும் மே 24 வந்தால் ஆர்.பி. சிங்கின் கடைசி ஓவரை நினைத்துக்கொள்பவன் யார்? அவன் ஒருத்தன்தான் மிச்சம். எல்லாரும் விட்டுப் போன பிறகும் வைத்திருப்பவனுக்குத்தானே பொருள் சொந்தம்? சட்டம் படிக்கிறவர்கள் இதற்குப் பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஹைதராபாத்தில் யார் வீட்டு பீரோவிலாவது மடித்து வைத்த ஒரு நீல ஜெர்சி இன்னும் இருக்கும். நெஞ்சில் காளை பாய்ந்துகொண்டிருக்கும். விலை கேட்டால் பழைய துணிக்காரர்கூட எடுக்க மாட்டார். கொடுக்கவும் மாட்டார்கள்.